பத்து நிமிடம் என்று எழுதியது நான்தான், வில்சா

என் பொன்னு மக்கா வில்சா,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? என் வீட்டுக்கும் உன் கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு மதில்தான். சொல்ல வேண்டியதை மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்திச் சொல்லிவிடுவேன். நீயும் "செரி அக்கா, கேட்டாச்சு" என்பாய். பிறகு உனக்குத் தோன்றியதைச் செய்வாய்.

சபை மலரில் இரண்டு பக்கம் தருகிறோம், நாள் கழிந்தாலும் பரவாயில்லை, தம்பியின் இரண்டாம் வருட நினைவுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் அக்கா என்றாள் உன் பெண்டாட்டி ஷீபா. எனக்கு நல்லதாக எழுத வராது என்று உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் போதாது. கூடுதலாக இருந்தால் வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன். ஷீபா சுகமாக இருக்கிறாள், முட்டுவலி மட்டும் உண்டு. நீ வைத்துவிட்டுப் போன செவ்வாழை குலை தள்ளியது. அடுத்த வீட்டுக்கும் கொடுத்தோம். உன் மூத்தவள் பாலராமபுரத்தில் ஒரு நெசவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஓணத்துக்கு எனக்குக் கரை வைத்த வெள்ளைப் புடவை வாங்கி வந்தாள். வெள்ளையைக் கட்டிக்கொண்டு கிரீஸ் மேலே உட்காரவா என்று கேட்டுவிட்டேன். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வாயை என்ன செய்ய? அப்போதே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

இனி தப்புக்கு வருகிறேன். இதை ஊரும் வாசிக்கப் போகிறது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பாறசாலையிலிருந்து பொழியூர் கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது நம் கடை. வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சின்களின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டிக் கொடுப்பதுதான் நம் வேலை. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆள். என் தையல் மிஷின் உண்டு, நான் உண்டு என்று இருந்தவள். உனக்குச் சர்க்கரை கூடிக் கண் மங்கியபோதுதான் ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாய்.

"அக்கா, இஞ்ச வந்து இந்த ஓட்டை தெரியுதா பாரு."

சுண்டுவிரல் நகம் அளவு பித்தளைத் துண்டு. ஜெட் என்றாய். நடுவில் ஊசிமுனை போகிற அளவுக்கு ஓட்டை. மண்ணெண்ணெய் அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது, அதில் ஒரு பொட்டுப் பிசின் அடைத்தாலும் நடுக்கடலில் வள்ளம் நின்றுவிடும் என்றாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அடைத்திருந்தது. கையோடு கொண்டுபோன தையல் ஊசியை அதில் விட்டுக் குடைந்தேன். நீ போட்ட சத்தம் உச்சக்கடை ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். இரும்பு பட்டால் பித்தளை கீறும், ஓட்டை பெரிதாகும், எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்று அரை மணிநேரம் என்னைத் திட்டினாய். பிறகு ஒரு முழம் தங்கூசு நறுக்கிக் கொடுத்தாய். தூண்டில் போடுகிற அதே நைலான் நூல்தான். அந்த நூல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அந்த ஊசியை நான் சட்டைப் பொத்தான் தைக்கக்கூட எடுப்பதில்லை.

அப்படி ஆறு வருடம் எஞ்சினை நீ காதால் பார்த்தாய், ஓட்டையை நான் கண்ணால் பார்த்தேன். நீ கர்க்கடக மாதத்து மழையில் போய்ச் சேர்ந்தாய். மூன்று வாரம் ஷட்டர் மூடிக் கிடந்தது. ஒருநாள் காலையில் மரியதாசன் அண்ணன் எஞ்சினை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து மூடின ஷட்டருக்கு முன்னால் நின்றார். அவரிடம் மூன்று வள்ளம். அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் அந்தக் கரையில் பாதிப்பேர் போவார்கள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தம்பி இல்லையே அண்ணா, இனி யாரிடம் காட்டுவீர்கள் என்றேன்.

"நீயாக்கும் ஓட்டை பாத்தது. எனக்குத் தெரியும். ஷட்டரைத் தொற."

அன்றைக்குத் திறந்தது. உன் முக்காலியில் உட்காரும்போது எனக்கு வயது ஐம்பத்துமூன்று. சாவி யாரிடம் இருந்தாலும் என்னை அங்கே உட்காரவைத்தது அந்த மனிதர்தான். அதை நினைவில் வைத்துக்கொள்.

இனி உன் வாசகம். கடைச் சுவரில் நீ சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தாயே, கரைக்கு வரும்முன் ஐந்து நிமிடம் பெட்ரோலில் வா என்று. இந்த எஞ்சின்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். திரும்பும்போது கடைசியில் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்காது, பிசின் பிடிக்காது, மறுநாள் ஒரே இழுப்பில் எஞ்சின் எழும்பும். நல்ல புத்திதான். ஆனால் நீ உயிரோடு இருந்தபோது யார் கேட்டார்கள்? பாதிப்பேர் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஆறு கடலில் சேருகிற பொழி முகத்துக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள். நீ திட்டுவாய், அவர்கள் சிரிப்பார்கள்.

போன வருடம் உன் முதல் நினைவு நாளுக்கு என்ன செய்யலாம் என்று ஷீபா கேட்டாள். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு வழக்கம்போல ஸ்டீல் தம்ளர் கொடுக்கலாம் என்றாள். அவனுக்கு எதுக்கு தம்ளர், நான் ஒன்று செய்கிறேன் என்றேன். உன் படம் போட்டு ஸ்டிக்கர் அடித்தேன். உன் பாஸ்போர்ட் படம்தான், நீ முறைத்துக்கொண்டு நிற்பாயே அது. அதற்குக் கீழே மலையாளத்திலும் தமிழிலும் உன் வாசகம், அதற்கும் கீழே உன் பெயர். அச்சுக்கடைக்காரர் வார்த்தையைக் கேட்டபோது ஐந்து நிமிடம் என்று சொல்ல வந்தேன். எப்படியும் பாதி நேரம்தான் செய்வான்கள், பத்து என்று போட்டால்தான் ஐந்து நிமிடமாவது நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, பத்து என்று சொல்லிவிட்டேன்.

உன் வாயில் என் வார்த்தையை வைத்தேன், வில்சா. அதுதான் தப்பு. அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை, கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

ஜெபம் முடிந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் கரைக்குப் போனால் எல்லா எஞ்சின் மூடியிலும் நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய். மரியதாசன் அண்ணனின் இளைய மகன் வள்ளம் இறக்கும்முன் உன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். "வாறேன் அண்ணா" என்பான். உயிரோடு இருந்தபோது கேட்காதவர்கள் எல்லோரும் செத்தபின் உன் பேச்சைக் கேட்டார்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம், மணி பார்த்து. அதற்காக வள்ளத்தில் பெட்ரோல் கொண்டுபோகிற பிளாஸ்டிக் கன்னாசை நிறைத்தே வைத்திருந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன்னிடம் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லையே என்றுதான் வருத்தம்.

இந்த வருடம் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும் முன்பே கடல் சரியில்லை. கள்ளக்கடல் எச்சரிக்கை என்று ஒன்று அடிக்கடி வருகிறது இப்போது. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் மட்டும் ஏறி வரும். போகாதே என்பார்கள், வள்ளம் கரையில் கிடக்கும். பத்து நாள், பன்னிரண்டு நாள். பிறகு இறக்கினால் எஞ்சின் எழும்பவில்லை. ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தன. கழற்றினேன், கழுவினேன், ஜெட்டில் தங்கூசு விட்டேன், காற்றடித்தேன், புது வாஷர் போட்டேன், திருகை முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்று திறந்து வைத்தேன். எல்லாம் நீ செய்தபடி. எஞ்சின் பாடியது. இரண்டு வாரத்தில் அதே எஞ்சின் திரும்பி வந்தது.

கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பொடி, பித்தளையில் பச்சை, ஊசிமுனை ரப்பர் ஊதிப்போயிருந்தது. உப்புத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று நினைத்து, எஞ்சினைக் கவனமாகக் கழுவத் தெரியாதா என்று வந்தவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசிய எல்லாரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் சொல்லிக் கேட்டால் பக்கம் போதாது.

கர்க்கடகத்தில் ஒருநாள் மத்தியானம் மரியதாசன் அண்ணனின் வள்ளம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டு மகன்களும் அதில். பொழி முகத்துக்கு வெளியே பெரியவன் மணி பார்த்துப் பெட்ரோலுக்கு மாற்றியிருக்கிறான். கொஞ்ச தூரம் ஓடியது. அலை உடைகிற இடத்துக்கு நேராக வந்தபோது எஞ்சின் இருமி நின்றுவிட்டது. வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை கவிழ்த்தது. சின்னவன் நீந்தி ஏறிவிட்டான். பெரியவனை அடுத்த வள்ளத்துக்காரர்கள் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். தோள் எலும்பு விலகியது. உயிர் உண்டு.

மறுநாள் மரியதாசன் அண்ணன் கடைக்கு வந்தார். உள்ளே ஏறவில்லை, வாசலிலேயே நின்றார்.

"லீலா, உன்னைக் குத்தம் சொல்ல வரல்ல. வில்சனுக்க கை வேற. எனக்கு இருக்கியது ரெண்டு மக்க. இனி எஞ்சினை வேற இடத்துல காட்டப் போறேன். நீ சங்கடப்படாத."

சங்கடப்படாதே என்றால் படாமல் இருக்க முடியுமா? ஷட்டரைத் திற என்று சொன்ன அதே வாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. என் கண் போய்விட்டதா, கை போய்விட்டதா, வில்சன் காதால் கேட்டது ஏதோ ஒன்று எனக்குக் கிடைக்கவே இல்லையா என்று உட்கார்ந்து யோசித்தேன். அவர் போனால் மற்றவர்கள் போவார்கள். அது போகட்டும், எனக்குத் தையல் மிஷின் உண்டு. என் கை பட்ட எஞ்சின் இன்னும் எத்தனை பேர் பின்னால் மாட்டியிருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

அந்த வாரம் வந்தது ஒரே ஆள். நீ தினமும் திட்டுவாயே, வள்ளத்தோடு ஆட்டோவும் வைத்திருக்கிற அந்த சுனில். எஞ்சினை அடுப்பங்கரைப் பாத்திரம்போல நடத்துகிறவன் என்பாய். வாஷர் மாற்ற வந்தான். கிண்ணத்தைத் திறந்தேன். பளிச்சென்று இருந்தது. பொடியும் இல்லை, பச்சையும் இல்லை. போன வருடம் நான் பூட்டிக் கொடுத்தது அப்படியே.

"எலே, நீ கரைக்கு வரும்போ பெட்ரோல்ல வாறது இல்லியா?"

"வாறேன் அக்கா. பின்ன, கரை ஏறினதும் அடித் திருகைத் தொறந்து கிண்ணத்துல கெடக்கியதை ஒக்க ஊத்திக் களைவேன்."

"என்னத்துக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்க வீடு தூரம் இல்லியா. எஞ்சினை ஆட்டோல சரிச்சு வச்சுக் கொண்டு போவணும். பெட்ரோல் ஒழுகும். எனக்க பெண்டாட்டி அஞ்சுவுக்கு அந்த மணம் ஆவாது. எஞ்சினை வெளிய வை, இல்லாட்டி நீ வெளிய கெடன்னு சொல்லுவா."

"ஸ்டிக்கர் எங்க? மூடியில காணல்லியே."

"அது ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு அக்கா. வில்சன் அண்ணன் எப்பளும் என்னைத் திட்டணும் இல்லியா, அதுக்கு."

நீ இருந்திருந்தால் அவனை ஓட ஓட விரட்டியிருப்பாய். நான் அவனுடைய ஆட்டோவிலேயே ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். அஞ்சு வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு காலி சர்பத் குப்பியை எடுத்து வந்தாள். கால்வாசி தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் நின்ற இடத்தில் அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும் என்றாள். என் பையில் எப்போதும் நூல் இருக்கும், சிவப்பு நூலைக் குப்பியைச் சுற்றிக் கட்டினேன். அதன் மேலே பெட்ரோலை ஊற்றி, மூடி, குலுக்கி வைத்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான்.

கொஞ்ச நேரத்தில் மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர் என்று பிரிந்தது. தண்ணீர் நூலைத் தாண்டி ஏறி நின்றது. ஒரு விரல் உயரம்.

"தண்ணி எப்படி மக்கா கூடும்?" என்று கேட்டேன்.

"தண்ணி கூடல்ல அக்கா. பெட்ரோல்ல ஸ்பிரிட் கலக்கியதுண்டு. அது தண்ணியோட போய்ச் சேந்துச்சு. பண்டும் உண்டு, இப்போ கூடுதலாக்கும். பம்புலயே எழுதி வச்சிருக்கு. அந்த ஸ்பிரிட்டு காத்துல இருந்தும் தண்ணியை இழுக்கும். கடல்காத்துன்னா கேக்கவே வேண்டாம். இழுத்து இழுத்து ஒருநாள் ரெண்டும் சேந்து அடியில கெடக்கும். எஞ்சின் அடியில இருந்துதான இழுக்கும்?"

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கன்னாசில் நாள்கணக்கில் கிடந்த பெட்ரோல். கிண்ணத்தில் நாள்கணக்கில் கிடந்த பெட்ரோல். மணி பார்த்து, பத்து நிமிடம், உன் படத்தின் கீழே எழுதியபடி. பொழி முகத்துக்கு வெளியே மாற்று, அலை உடைகிற இடத்தில் அடித் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்ச் சேரட்டும். நீ நல்லதுக்குச் சொன்னாய். நான் அதை இரட்டிப்பாக்கி, உன் முகத்தை ஒட்டி, எல்லார் கையிலும் கொடுத்தேன். திரும்பி வரும்போது சுனிலின் ஆட்டோவில் அழுதேன். அவன் பாவம், ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

ஷீபாவிடம் சொன்னேன். கரைக்குப் போய் எல்லாரிடமும் சொல்லப் போகிறேன், ஸ்டிக்கரைப் பிய்க்கச் சொல்லப் போகிறேன் என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதை மட்டும் செய்யாதீங்க அக்கா. பெட்ரோல் மோசம்னு சொல்லுங்க, எஞ்சின் மோசம்னு சொல்லுங்க. அவரு சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. திரும்பப் பேச அவரு இல்ல."

அது என் நெஞ்சிலும் இருந்ததுதான். என் கைதான் மோசம் என்று ஊர் நினைத்துவிட்டுப் போகட்டும், கடையை மூடிவிடலாம், உன் வாசகம் சுவரில் இருக்கட்டும் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் நீ மகிழ்ந்திருப்பாயா? உனக்குப் பெயர் மிஞ்சும், கரையில் யாருக்காவது பிள்ளை மிஞ்சாது.

"மரியதாசன் அண்ணனுக்க மக்களை நெனச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். ஷீபா உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிளம்பி வெளியே வந்தால், சுனிலின் ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சர்பத் குப்பி. அன்று நாங்கள் இரண்டு பேரும் ஆராதனைக்கு வரவில்லை. போதகர் இதை வாசித்தால் காரணம் இதுதான்.

கரைக்காரர்கள் கத்தோலிக்கர், அவர்களுக்குப் பூசை முடிந்து எல்லாரும் மணலில் வலையை வெயிலில் உணக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பேச்சுக்காரி இல்லை. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் குப்பியை வைத்து, நூலைக் கட்டி, அவர்களுடைய கன்னாசிலிருந்தே பெட்ரோலை வாங்கி ஊற்றிக் குலுக்கினேன். தண்ணீர் ஏறியது. மரியதாசன் அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு நான் சொன்னேன்: வில்சன் சொன்னது ஐந்து நிமிடம், பத்து என்று எழுதியது நான்தான். அவன் சொன்ன காலத்தில் அது சரி. இப்போது அது மட்டும் போதாது. பழைய பெட்ரோலைக் கன்னாசில் வைக்காதீர்கள். கரை ஏறினதும் அடித் திருகைத் திறந்து கிண்ணத்தை வடியுங்கள். அண்ணா, உங்கள் மகன் கடலில் விழுந்தது என்னால், வில்சனால் அல்ல. ஸ்டிக்கரைப் பிய்த்துப் போடுங்கள்.

மரியதாசன் அண்ணன் குப்பியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். என்ன சொல்லப் போகிறார் என்று ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முகம் இருக்கட்டு" என்றார். "எழுத்தை மட்டும் மாத்து."

தையல்காரியின் பையில் கத்தரிக்கோல் இல்லாமல் இருக்குமா? ஒட்டினதைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது என்று பிறகுதான் விளங்கியது. அதன் முனையால் சுரண்டி எடுத்தேன். உன் முகத்துக்குக் கீழே இருந்த இரண்டு வரியையும் ஒவ்வொரு எஞ்சினாகச் சுரண்டினேன். உன் பெயரை விட்டுவைத்தேன். அந்த இடத்தில் ஷீபா அவள் கையாலேயே பெயிண்ட் பேனாவால் புது வரி எழுதினாள்: ஐந்து நிமிடம் புதுப் பெட்ரோல், கரை ஏறினதும் கிண்ணத்தை வடி. அவளுக்குத்தான் நல்ல கையெழுத்து. முடியும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. யாரோ பால் இல்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மரியதாசன் அண்ணன் சுனிலைப் பார்த்து, "எலே, அந்த எஞ்சினை அக்காவுக்க கூட ஆட்டோல ஏத்து" என்றார். அவ்வளவுதான்.

கடலில் விழுந்த எஞ்சின். கார்புரேட்டரைக் கடைசித் திருகுவரை பிரித்தேன். உன் வழக்கப்படி ஒவ்வொரு துண்டையும் தனித்தனித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டேன். மூன்று நாள் எடுத்தது. ஒரு ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, திருப்தி வராமல், புதிது வரவழைத்துப் போட்டேன். நீ இருந்தால் பழையதே போதும் என்றிருப்பாய். போதாது, வில்சா.

அடுத்த சிங்க மாதத்தில் மறுபடி கள்ளக்கடல் வந்தது. ஒன்பது நாள் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பத்தாம் நாள் இறக்கினார்கள். நான் காலையிலேயே போய் நின்றேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் எழும்பியது. அதை விடு, எனக்கு வேண்டியது அது இல்லை. மத்தியானம் வரை மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். வள்ளங்கள் திரும்பி வந்தன. மரியதாசன் அண்ணனின் வள்ளம் பொழி முகத்துக்கு வெளியே கொஞ்சம் மெதுவானது. பெட்ரோலுக்கு மாற்றுகிறார்கள் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நீ பார்த்ததுபோல அன்று நானும் காதால்தான் பார்த்தேன். ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. அலைக்குள் ஏறி, அலையைத் தாண்டி, மணலில் மூக்கு முட்டும்வரை அந்தச் சத்தம் அறுபடவே இல்லை.

பெரியவனுக்குத் தோள் சரியாகிவிட்டது. விழுந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்தடவை கடலுக்குப் போயிருக்கிறான். இறங்கினதும் முதலில் அடித் திருகைத் திறந்து கிண்ணத்தை வடித்தான். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் பெயிண்ட் பேனா கையில உண்டா?" என்று கேட்டான். கொடுத்தேன். எஞ்சின் மூடியில் உன் பெயருக்குப் பக்கத்தில் குனிந்து என்னவோ எழுதினான். அவன் தள்ளிப்போன பிறகு போய்ப் பார்த்தேன். வில்சன் என்று அச்சில் இருந்தது. பக்கத்தில் கோணல்மாணலாக, "அக்கா" என்று எழுதியிருந்தான்.

கடைச் சுவரில் உன் சிவப்பு எழுத்து அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டாவது வரியை ஷீபா எழுதிவிட்டாள். மரியதாசன் அண்ணனின் மற்ற இரண்டு எஞ்சினும் நேற்று வந்தன. மேசையில் இப்போது பதினொரு சிரட்டை நிறைந்திருக்கிறது. சுனில் ஃபிரிட்ஜிலிருந்த உன்னைப் பிய்த்துக் கொண்டுவந்து எஞ்சினில் ஒட்டியிருக்கிறான். இனி நீ அவனைத் திட்டக் காரணம் இல்லை, பார்த்துக்கொண்டு சும்மா இரு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி நான் சொல்வதை நான் சொன்னதாகவே சொல்வேன், உன் வாயில் வைக்க மாட்டேன். நீ சொன்னதை மறக்கவும் மாட்டேன். ஆனால் நீ சொன்னது என்பதற்காக மட்டும் யாருடைய எஞ்சினிலும் பூட்ட மாட்டேன். ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பதுபோல அதையும் பிடித்து, ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுவேன். அதைப் பார்க்கத்தானே மக்கா அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாய்?

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்
உன் பெரியக்கா லீலா